அனியேர் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? சூராவின் ஆற்றங்கரை ஓவியத்தில் சமூக மாற்றத்தை எப்படி வாசிப்பது

வண்ணக்கலவை எழுதியது:

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா, ‘அனியேரில் குளியல்’, 1884. அனியேர் பாரிஸை ஒட்டிய ஆற்றங்கரைப் புறநகர். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 201 × 300 செ.மீ. அனியேர் என்ற பெயரின் நடுவே எழுத்தில் ஒரு ‘ஸ்’ உண்டு, அது ஒலிக்காது. தமிழில் ‘அஸ்நியர்’ என்று எழுதுவதை நிறுத்தினால் நல்லது.

இந்த ஓவியம் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. பின்னால் புகைபோக்கி, அதனால் தொழில்மயம். முன்னால் சட்டையைக் கழற்றியவர்கள், அதனால் பாட்டாளிகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, அதனால் அந்நியமாதல். மூன்று வரியில் கதை முடிந்தது. இப்படி வாசித்தால் தொழிற்சாலை தெரியும் எந்த ஆற்றுப் படத்துக்கும் இதே குறிப்பை ஒட்டிவிடலாம்.

என் கேள்வி இதுதான். 1880களில் பாரிஸ் புறநகரில் நடந்த மாற்றத்துக்கு இந்தப் படத்துக்குள்ளேயே என்ன சாட்சி இருக்கிறது? எது நிற்கும், எது நிற்காது? புகையிலிருந்து தொடங்குவோம். புகை வருவதால் அது வேலை நாள், ஞாயிறு இல்லை என்கிறார்கள். சரியா?

---

பழைய_காகிதம் எழுதியது:

புகையை வைத்துக் கிழமை சொல்ல முடியாது. படத்தில் பாலங்களுக்கு அப்பால் தெரிவது கிளிஷி என்ற புறநகர். அங்கே வாயு ஆலை இருந்தது. நிலக்கரியை மூடிய கலங்களில் சுட்டு விளக்கு வாயு எடுக்கும் ஆலை அது. அந்த உலையை ஞாயிற்றுக்கிழமை என்று அணைக்க மாட்டார்கள். கலம் ஆறினால் மறுபடி சூடேற்ற ஏகப்பட்ட நிலக்கரி போகும், கலத்திலும் விரிசல் விடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பழைய கரியை வாரி வெளியே தள்ளிவிட்டுப் புதுசு போடவேண்டும். ராத்திரி பகல், ஏழு நாளும். ஞாயிறு இரவு பாரிஸ் தெருவிளக்கு எரிய வேண்டுமே.

அடுத்தது சட்டம். ஞாயிறு வேலை செய்யக்கூடாது என்ற 1814ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குடியரசு 1880 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. வார ஓய்வைக் கட்டாயமாக்கிய சட்டம் 1906 ஜூலையில்தான் வந்தது. அதாவது சூரா இந்தப் படத்தை வரைந்தபோது பிரான்சில் வயது வந்த தொழிலாளிக்கு ஞாயிறு விடுமுறை சட்டப்படி கிடையாது. ‘ஞாயிறு ஓய்வு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதே அப்போது முதலாளியின் மனசைப் பொறுத்த விஷயம்.

இன்னொரு பக்கம் ‘புனிதத் திங்கள்’ என்று ஒரு பழக்கம். கைவினைத் தொழிலாளிகள் திங்கட்கிழமை பட்டறைக்குப் போகாமல் தாங்களே விடுப்பு எடுத்துக்கொள்வது. 1880களில் தேய்ந்துகொண்டிருந்தது, ஆனால் சாகவில்லை. திங்களாக இருக்கலாம் என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான்.

---

செவ்வந்தி எழுதியது:

கிழமையைக் கண்டுபிடிக்கப் புகையை விடத் தலைப்பு உதவும். இதற்கு அடுத்து அவர் வரைந்த பெரிய படத்தின் தலைப்பிலேயே ‘ஞாயிறு’ இருக்கிறது: ‘கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு’. இதில் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்பவர், இங்கே சொல்லவில்லை.

ஆனால் கிழமையை முடிவு செய்தே ஆகவேண்டுமா? படம் நாளை மறைக்கிறது என்பதே எனக்குப் போதும். அவசரப்பட்டுத் திங்கள் என்று எழுதினால் தொழிலாளி முரடன், வேலைக்கு மட்டம் போட்டவன் என்ற அர்த்தம் வந்து ஒட்டிக்கொள்ளும். ஞாயிறு என்று எழுதினால் நல்ல பிள்ளை ஆகிவிடுவான்.

---

ஆற்றோரன் எழுதியது:

முதலில் வரைபடத்தை எடுத்து நிற்கும் இடத்தைக் குறியுங்கள். அதற்குப் பிறகு பாதிச் சண்டை தானாகத் தீரும்.

நாம் சேன் ஆற்றின் இடது கரையில், கூர்பவுவாவும் அனியேரும் சந்திக்கும் இடத்தில், நீரோட்டம் போகும் திசையைப் பார்த்து நிற்கிறோம். அதனால்தான் இடது கரை படத்திலும் இடப்பக்கம். வலது ஓரத்தில் மரங்கள் தெரிகிறதே, அது கிராந்த் ஜாத் தீவின் முனை. எதிரே குறுக்கே போவது பாலங்கள், ஒன்று ரயிலுக்கு, ஒன்று சாலைக்கு. தூரத்தில் ஒரே கட்டாகத் தெரிவதால் பலர் ஒரு பாலம் என்றே எழுதுகிறார்கள். அதற்கும் அப்பால் கிளிஷி.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. பாரிஸின் பெரிய சாக்கடை கிளிஷியில்தான் ஆற்றில் விழுந்தது, ஆகவே இந்தப் பையன்கள் சாக்கடை நீரில் குளிக்கிறார்கள், இதுதான் படத்தின் மறைமுகக் கசப்பு என்று எழுதுவார்கள். வாய்க்கால் விழுந்தது அனியேர் பாலத்துக்குக் கீழே. இவர்கள் குளிப்பது பாலத்துக்கு மேலே. நீர் அவர்களிடமிருந்து சாக்கடையை நோக்கிப் போகிறது, திரும்பி வரவில்லை. பாலத்துக்கு மேலே தண்ணீர் பன்னீர் என்று சொல்லவில்லை. ஆனால் கறுத்து நாறிய சேன் பாலத்துக்குக் கீழே தொடங்குவது.

ரயில் பாலத்தைக் கவனியுங்கள். பாரிஸிலிருந்து சான் ஜெர்மான் போகும் தடம் 1837இல் திறந்தது. அனியேருக்கு ரயிலில் சில நிமிடம், தூரம் ஐந்து கிலோமீட்டருக்குள். முதலில் வசதி உள்ளவர்கள் படகுப் போட்டிக்கும் விருந்துக்கும் வந்தார்கள். பிறகு அதே தண்டவாளம் ஆலைகளையும் ஆலை ஆட்களையும் கொண்டுவந்தது. உல்லாசத்தையும் உற்பத்தியையும் கொண்டுவந்தது ஒரே பாலம். படத்தில் சமூக மாற்றத்துக்கு ஒரு பொருளைக் காட்டு என்றால் நான் புகைபோக்கியை விட்டுவிட்டுப் பாலத்தைத்தான் காட்டுவேன்.

---

கரித்துண்டு எழுதியது:

ஆற்றோரன் அண்ணே சொன்னது சரி. பொருளைத் தேடும் முன் பரப்பையும் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னப் பயிற்சி. நல்ல தெளிவான பிரதியைத் திரையில் முழுதாக வைத்து, கீழ் மூன்றில் இரண்டு பங்கை ஒரு அட்டையால் மறையுங்கள். மிச்சம் தெரிவது பாய்மரம், பாலம், வெயில் மூட்டம். மோனேயோ ரெனுவாரோ வரைந்த சாதாரண ஆற்றுக் காட்சி போல இருக்கும். இப்போது அட்டையை மேலே நகர்த்தி மேல்பகுதியை மறையுங்கள். பக்கவாட்டில் திரும்பி அசையாமல் உட்கார்ந்த உருவங்கள், கோயில் சுவர்ச் சிற்பவரிசை மாதிரி. பூவி த ஷவான் என்ற மூத்த சுவரோவியக்காரர் தேவதைகளையும் பழங்கால மாந்தரையும் இப்படித்தான் உட்கார வைப்பார். அந்த இருக்கையில் சூரா தொப்பி போட்ட புறநகர்க்காரனை உட்கார வைத்துவிட்டார்.

அளவையும் மறக்காதீர்கள். இரண்டு மீட்டருக்கு மூன்று மீட்டர் என்பது வரலாற்று ஓவியத்துக்கும் புராணத்துக்கும் ஒதுக்கிய அளவு. ஆற்றில் குளிக்கும் சாமானியர்கள் அதுவரை கையகலப் படத்தில் வருவார்கள். 24 வயதுப் பையன் அவர்களை ஏறக்குறைய ஆள் உயரத்துக்கு வரைந்து சலோன் என்ற பெரிய ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார். நிராகரித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் சுயேச்சைக் கலைஞர்களின் கண்காட்சியில் வைத்தார்கள், அதுவும் எங்கே? பானம் விற்கும் அறைச் சுவரில். கித்தானின் அளவே ஒரு வாதம் என்று நான் சொல்வது இதனால்தான். மினியேச்சர் பிரதியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சமூக விளக்கம் எழுதுபவர்களுக்கு இந்த வாதம் கண்ணிலேயே படாது.

---

செவ்வந்தி எழுதியது:

கோயில் சுவர் உவமை அழகு. ஆனால் ‘தொழிலாளி’ என்று எப்படித் தெரியும்? இடப்பக்கம் முன்னால் படுத்திருப்பவர் தலையில் கருப்பு வட்டத் தொப்பி. நடுவில் இருக்கும் பையனின் பின்னால் ஒழுங்காகக் குவித்த வெள்ளைத் துணி, வைக்கோல் தொப்பி, காலணி. காரைக் கறை எங்கே? நீலப் பட்டறை அங்கி எங்கே?

---

பழைய_காகிதம் எழுதியது:

நல்ல கேள்வி, இங்கேதான் விஷயமே இருக்கிறது.

அந்த வட்டத் தொப்பியை பிரெஞ்சில் ‘முலாம்பழம்’ என்பார்கள். உயரத் தொப்பி முதலாளிக்கு, துணிக் குல்லாய் கூலிக்கு என்று இருந்த காலத்தில் இரண்டுக்கும் நடுவில் வந்து நின்ற தொப்பி இது. கடைச் சிப்பந்தி, அலுவலக எழுத்தர், மேஸ்திரி, கொஞ்சம் காசு சேர்த்த கைவினைஞர் எல்லாரும் போட்டார்கள். தயாராகத் தைத்து வந்த மலிவு உடை பெருகிய காலம் அது. தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்தரா பட்டறை ஆளா என்று சொல்வது கடினமாகிவிட்டது. 1872இல் குடியரசுவாதத் தலைவர் காம்பெத்தா கிரெனோபிள் நகர உரையில் ‘புதிய சமூக அடுக்குகள்’ அரசியலுக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். அந்தச் சொல் பிறகு எல்லார் வாயிலும் புழங்கியது. யார் அந்த அடுக்கு என்று கேட்டால் இந்தத் தொப்பிக்காரரைக் காட்டலாம்.

ஆகவே ‘பாட்டாளி’ என்று முத்திரை குத்துவது தவறு. ‘நடுத்தர வர்க்கம்’ என்பதும் தவறு. உடையை வைத்து ஆளை எடைபோடும் பழைய கணக்கு குழம்பிப்போனதைத்தான் படம் காட்டுகிறது. அதைக் குறையாக எண்ணி நாம் ஒரு வர்க்கப் பெயரால் ஒட்டுப்போட வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி: தொழிற்சங்கங்களைச் சட்டபூர்வமாக்கிய வால்தெக்-ரூசோ சட்டம் 1884 மார்ச் 21. படம் மே மாதம் சுவருக்கு வந்தது. ஒன்றுக்கு மற்றது காரணம் என்று கோர்க்காதீர்கள். பெரும்பகுதி அதற்கு முன்பே வரைந்தாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் செய்தித்தாளில் எதைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு மட்டும் இது உதவும்.

---

கரித்துண்டு எழுதியது:

உழைப்பு படத்தில் இல்லாமல் போனதற்கு நேரடிச் சாட்சி உண்டு: முன்னோட்டப் பலகைகள்.

இந்தப் படத்துக்காக சூரா பத்துக்கு மேற்பட்ட எண்ணெய் வண்ணச் சிறுபலகைகள் வரைந்தார். ஒவ்வொன்றும் சுமார் 16 × 25 செ.மீ., சுருட்டுப் பெட்டி மூடி அளவு. மடியில் வைத்து ஆற்றங்கரையிலேயே தீட்டலாம். அவற்றில் சிலவற்றில் குதிரைகள் வருகின்றன. வண்டிக் குதிரையை ஆற்றில் இறக்கிக் கழுவும் ஆட்கள். அது வேலை. கடைசிப் படத்தில் குதிரை இல்லை, குதிரைக்காரனும் இல்லை. கரையில் உழைப்பு நடந்துகொண்டிருந்தது, சூரா அதைப் பார்த்தார், வரைந்தார், பிறகு எடுத்துவிட்டார். மிச்சம் வைத்தது ஓய்வை. உழைப்பு பாலத்துக்கு அப்பால் தள்ளிப்போய்ப் புகையாக நிற்கிறது.

முன்னோட்டங்களை வரிசையாக வைத்து எது சேர்ந்தது, எது கழிந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆளிடம் நம்பகமான வழி. முடிந்த படத்தை மட்டும் பார்த்து ‘அவர் கண்டதை அப்படியே வரைந்தார்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வோம்.

---

வண்ணக்கலவை எழுதியது:

குதிரை சமாச்சாரம் எனக்குப் புதுசு, நன்றி. அப்படியானால் ‘யாரும் யாரையும் பார்க்கவில்லை’ என்பது? நகர வாழ்க்கையின் தனிமை என்று அதைத்தான் அதிகம் மேற்கோள் காட்டுகிறார்கள்.

---

கரித்துண்டு எழுதியது:

அதில் பாதி, வேலை செய்த முறையால் வந்தது. நிலக்காட்சியை வெளியே சிறுபலகையில் எடுத்தார். மனிதர்களைப் பட்டறையில் மாதிரி ஆளை உட்கார வைத்து, சொரசொரப்பான காகிதத்தில் கான்டே கிரேயான் என்ற கரிய வரைகோலால் தனித்தனியாக வரைந்தார். வைக்கோல் தொப்பி போட்டு உட்கார்ந்தவன் ஒரு தாள். வாயில் கைகுவித்துக் கூவும் பையன் ஒரு தாள். இரண்டும் இப்போது யேல் பல்கலைக்கழகக் காட்சியகத்தில். பிறகு அவர்களைக் கித்தானில் இடம் பார்த்துப் பொருத்தினார். தனியாக உட்கார்ந்தவனைத் தனியாக வரைந்து ஒட்டினால் பார்வை எப்படி ஒருவரை ஒருவர் சந்திக்கும்?

---

செவ்வந்தி எழுதியது:

கரித்துண்டு சார், இதை முழுதாக ஏற்க முடியாது. சலோனுக்கு வரைந்த எல்லாரும் மாதிரி ஆட்களைத் தனித்தனியாகத்தான் வரைந்தார்கள். பிறகு கண்ணோடு கண் பொருத்தி, தோளில் கை போட்டு, கூட்டமாக்கினார்கள். அந்தக் கடைசி வேலையை சூரா வேண்டுமென்றே செய்யவில்லை. முறை காரணம் என்றால் விளைவை அவர் திருத்தியிருக்கலாமே. விட்டுவைத்தார் என்றால் அது முடிவு.

இன்னொன்று, முழுக்கத் தனிமை என்பதும் சரியில்லை. எல்லாரும் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறார்கள், வலப்பக்கம். கூவும் பையனும் அந்தத் திசையில்தான் கூவுகிறான். அங்கே என்ன இருக்கிறது? கிராந்த் ஜாத் தீவு.

பிறகு அந்தத் துடுப்புப் படகு. வலப்பக்கம் நடு ஆற்றில், பின்முனையில் மூவர்ணக் கொடி. உயரத் தொப்பிக்காரர் ஒருவர், வெள்ளைக் குடை பிடித்த பெண் ஒருவர். படகுக்காரன் அவர்களைக் கடத்திவிடுகிறான். படத்தில் அப்போது வேலை செய்துகொண்டிருக்கும் ஒரே மனிதன் அவன்தான். குதிரைக்காரனைத் துடைத்தவர் இவனை மட்டும் விட்டுவைத்தார். பணம் கொடுத்து உட்காருபவர், கூலிக்குத் துடுப்புப் போடுபவர் இருவரும் ஒரே படகில். வர்க்க உறவு என்று தெளிவாகச் சொல்லத்தக்கது படத்தில் அது ஒன்றுதான், அதையும் உள்ளங்கை அளவில் ஓரத்தில் வைத்திருக்கிறார்.

---

ஆற்றோரன் எழுதியது:

படகைப் பிடித்தீர்கள், சரி. இதிலிருந்துதான் ‘இரட்டைப் படம்’ என்ற வாதம் வருகிறது. இந்தக் கரையில் எளியவர்கள் வலப்பக்கம் பார்க்கிறார்கள். ‘கிராந்த் ஜாத்’ படத்தில் (சிகாகோ, 207.5 × 308.1 செ.மீ.) எதிர்க்கரைப் பணக்காரர்கள் பெரும்பாலும் இடப்பக்கம் பார்க்கிறார்கள். அளவும் ஏறக்குறைய ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்து மாட்டினால் ஆறு நடுவில் ஓடும், இரண்டு வர்க்கமும் முறைத்துக்கொள்ளும்.

கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு இதில் இரண்டு சங்கடம். ‘குளியல்’ மே 15 அன்றே காட்சிக்குப் போய்விட்டது. ‘கிராந்த் ஜாத்’ வேலையை 1884 விண்ணேற்ற நாளில் தொடங்கியதாக சூராவே பின்னால் எழுதினார். அந்த ஆண்டு அது மே 22. அதாவது முதல் படம் சுவரில் தொங்கிய பிறகுதான் இரண்டாவது பிறக்கிறது. முதல் படத்தை வரையும்போதே ஜோடி மனசில் இருந்தது என்பதற்குத் தேதி உதவாது. முதலாவதற்கு மறுமொழியாக இரண்டாவதை யோசித்தார் என்று சொன்னால் ஏற்கலாம்.

அடுத்த சங்கடம், ‘பணக்காரர் தீவு’ என்பது. அந்தப் படத்தின் இடப்பக்க மூலையைப் பாருங்கள். கையில்லாச் சட்டை, வாயில் புகைக்குழல், கால்நீட்டிச் சாய்ந்த படகோட்டி. பக்கத்திலேயே உயரத் தொப்பி, கைத்தடியோடு நிமிர்ந்து உட்கார்ந்த கனவான். பின்னால் இரண்டு சிப்பாய், நாடா தொங்கும் குல்லாய் போட்ட பால்கொடுக்கும் செவிலி. ஒரே புல்லில் எல்லாரும். அங்கேயும் கலப்புதான் செய்தி.

---

பழைய_காகிதம் எழுதியது:

அண்ணன் சொன்ன ‘கிராந்த் ஜாத்’ படத்திலேயே இன்னொரு எச்சரிக்கை. குரங்கு வைத்த பெண், தூண்டில் போடும் பெண் இருவரையும் விலைமகளிர் என்று வாசிப்பது வழக்கம். பிரெஞ்சில் ‘மீன்பிடித்தல்’, ‘பாவம் செய்தல்’ இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. பெண்குரங்கு என்ற சொல்லுக்கும் கொச்சையில் அப்படி ஒரு அர்த்தம் உண்டு. அந்தக் காலக் கேலிச்சித்திரம் இதில் விளையாடியதால் வாசிப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அது சிலேடை, சாட்சியம் இல்லை. ‘இருக்கலாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் ‘ஆகவே’ என்று தொடங்குவதுதான் வினை.

---

கரித்துண்டு எழுதியது:

‘கிராந்த் ஜாத்’ பற்றிப் பேசும்போது நிறம் கெட்டுப்போனதைச் சொல்லாமல் விடக்கூடாது. இரண்டாம் கட்டத்தில், 1885–86இல், அவர் போட்ட புள்ளிகளில் துத்தநாக மஞ்சள் இருந்தது. அது சில ஆண்டுகளிலேயே பழுப்பேறிவிட்டது. கலை விமர்சகர் ஃபெனியோன் 1892லேயே இதைக் குறித்திருக்கிறார். வெயில் பட்ட புல்லில் பளிச்சென்று இருந்த மஞ்சள் புள்ளி இப்போது காவி. அதோடு கலந்த பச்சையும் ஆரஞ்சும் மங்கல். ஜெர்மன் தத்துவவாதி எர்ன்ஸ்ட் பிளோக் முதல் பலர் அந்தப் படத்தில் செத்த ஞாயிற்றுக்கிழமையின் சலிப்பைக் கண்டார்கள். கலை வரலாற்றாளர் லிண்டா நோக்லின் அதைப் பொன்னுலகக் கனவுக்கு எதிர்ப்படம் என்றார். விறைத்த உருவங்கள் அந்த வாதத்தைத் தாங்கும். மங்கிய வெயில் தாங்காது, ஏனென்றால் அது ரசாயனம். நீங்கள் எழுதும் ‘சோர்ந்த ஒளி’ 1886இல் சுவரில் இல்லை.

‘குளியல்’ படத்திலும் இதே மாதிரி காலக் குழப்பம் உண்டு. ‘புள்ளி ஓவியம்’ (தனித்தனி நிறப் புள்ளிகளால் தீட்டுவது) என்று அதைச் சொல்வார்கள். 1884இல் அது புள்ளி ஓவியம் இல்லை. புல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள், குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தூரிகைக் கோடு. நீரில் கிடைமட்டக் கோடு. தோலில் மெல்லிய இழைப்பு. உருவத்தின் விளிம்பை ஒட்டி நீர் நிறம் மாறுவதையும் பாருங்கள்: உடலின் வெயில்பட்ட பக்கம் நீர் கொஞ்சம் இருள்கிறது, நிழல் பக்கம் வெளுக்கிறது. அருகருகே வரும் நிறங்கள் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும் என்ற ஷெவ்ரலின் எதிர்நிற விதியை அவர் அப்போதே கையில் எடுத்துவிட்டார், புள்ளி இன்னும் வரவில்லை. ‘அறிவியல் யுகம் தொழிலாளியை அணுக்களாகச் சிதைத்தது’ என்று இந்தப் படத்தைப் பற்றி எழுதினால் இடறுவீர்கள். சிதைக்க அங்கே அணு கிடையாது.

---

வண்ணக்கலவை எழுதியது:

ஆனால் வலது ஓரத்துப் பையனின் சிவப்புத் தொப்பியில் புள்ளிகள் தெளிவாக இருக்கின்றனவே? பெரிதாக்கிப் பார்த்தேன், ஆரஞ்சும் நீலமும்.

---

கரித்துண்டு எழுதியது:

அது பிற்பாடு வந்த கை. 1887 வாக்கில் பழைய கித்தானை எடுத்துச் சில இடங்களில் புள்ளி வைத்தார். தொப்பிதான் நல்ல உதாரணம். ஒரே படத்தில் இரண்டு காலம். எந்தப் பகுதியை வைத்து வாதம் செய்கிறீர்களோ அது எந்தக் கட்டத்தில் தீட்டியது என்று முதலில் கேளுங்கள்.

---

செவ்வந்தி எழுதியது:

இதே போல ‘கிராந்த் ஜாத்’துக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 1884 டிசம்பரில் சூரா அந்தத் தீவை மனிதர் யாருமில்லாத வெற்று நிலக்காட்சியாகக் காட்சிக்கு வைத்தார். முதலில் மேடை, பிறகுதான் நடிகர்கள். வலப்பக்கம் நிற்கும் பெண்ணின் பாவாடைப் பின்புறத்தையும் அடுத்த கட்டத்தில் இன்னும் புடைக்க வைத்தார். கோடை ஞாயிறு ஒன்றில் கண்டதன் பதிவு என்றால் இதற்கெல்லாம் என்ன வேலை?

---

ஆற்றோரன் எழுதியது:

ஒப்பிடக் கொஞ்சம் சரக்கு தருகிறேன், எல்லாம் பாரிஸ் புறநகரில் வரைந்தவை.

ரெனுவாரின் ‘சிறு படகு’, 1875, இதுவும் லண்டனில். பின்னால் ரயில் பாலம் உண்டு, ஆனால் பார்வை ஆரஞ்சுப் படகில் போகும் இரண்டு பெண்களைத் தாண்டாது. ரயில் அங்கே விருந்தாளி. சூராவின் நண்பர் பால் சின்யாக் 1886இல் வரைந்த ‘கிளிஷி வாயுத் தொட்டிகள்’ மெல்போர்னில் இருக்கிறது. சூரா தூரத்தில் புகையாக வைத்ததன் காலடிக்கே போய்விட்டார். தொட்டி, வேலி, வேலியில் காயும் துணி. ஆளைக் காட்டாமல் துணியை மட்டும் காட்டுகிறார், அதை உடுத்துபவர் யார் என்று நமக்குத் தெரியும். 1887இல் வான்கோ இதே அனியேர் பாலங்களை வரைந்தார். மேலே ரயில் ஓட, கீழே கரையில் குடை பிடித்த பெண் நிற்கிறாள். எமில் பெர்னார் அதே ஆண்டு இரும்புப் பாலத்தைப் படத்தின் நாயகனாகவே ஆக்கிவிட்டார்.

1875க்கும் 1887க்கும் நடுவில் ரயில் பாலத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். படத்துக்குள் அது பின்னாலிருந்து முன்னால் நகர்கிறது. சூரா சரியாக நடுவில்: பாலம் இன்னும் பின்னால், ஆனால் யாரும் அதை மறைக்கவில்லை.

---

வண்ணக்கலவை எழுதியது:

சின்யாக் படத்தை இப்போதுதான் திறந்தேன். வேலியில் தொங்கும் துணியை முதல் பார்வையில் வெறும் நிறத் திட்டு என்று தாண்டிப்போய்விட்டேன். ‘குளியல்’ படத்தில் குவித்து வைத்த அந்த வெள்ளைத் துணிக்கு மறுபடி போகிறேன். காலணி பக்கத்தில் ஜோடியாக நிற்கிறது, தொப்பி மேலே. அவசரமாகக் கழற்றிப் போட்டவனின் குவியல் இல்லை அது.